சாம்பியன்களின் பாட்டில்களைக் கழுவியது பற்றி சம்பந்தியம்மாவுக்கு

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளையின் தாயார் எழுதிக்கொள்வது. நீங்களும் சம்பந்தி ஐயாவும் உங்கள் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. அதனால் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரிய மகள் வீட்டுப் பேரன் பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம் வந்துவிட்டான். போன மாதம் ஓர் ஆளுக்குப் பல் பிடுங்கினானாம், பிடுங்கினது சரியான பல்தானாம், பேராசிரியரே கை கொடுத்துப் பாராட்டினாராம். அவன் தங்கை கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல். இரண்டாவதாக வந்த பெண் எவ்வளவு கீழே என்று நான் கேட்கவில்லை, அவளாகவே இரண்டு தடவை சொன்னாள். சின்ன மகள் வீட்டு மூத்தவன் கப்பல் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். கப்பலை இன்னும் கண்ணால் பார்க்கவில்லையாம், ஆனால் இவன் இங்கே பட்டனை அழுத்தினால்தான் அங்கே கப்பல் நகருமாம். கடைக்குட்டி தானே கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறான், பாதி காதுக்குள் போகிறது, இருந்தாலும் முயற்சி அவனுடையது. உங்கள் பெரிய மகன் வீட்டுப் பையனும் நன்றாக இருப்பான் என்று நம்புகிறேன். இன்னும் வேலைதான் தேடுகிறானா, இல்லை தேடுவதையும் விட்டுவிட்டானா?

இவர்கள் போட்டோவெல்லாம் எங்கள் ஃபிரிட்ஜ் மேல் வரிசையாக இருக்கிறது, நீங்களே பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பேன், அப்புறம் ஃபிரிட்ஜைக் காட்டுவேன். அந்த வரிசையில் நடுவில் ஓர் இடம் காலியாக வைத்திருந்தேன். அது உங்களுக்கும் எனக்கும் பொதுவான ஒரே பேத்தியின் இடம், நம் கட்டெறும்பின் இடம். அவளுடையது என்று இருக்கிற போட்டோ ஏழு வயசில் எடுத்தது, முன்பல் இரண்டும் இல்லாமல், சாக்குக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு நிற்பாள். சாம்பியன்களோடு நகரத்து மாரத்தானில் ஓடப்போகிற பெண்ணின் போட்டோவா அது? இந்த ஓட்டம் முடிந்ததும் மேடையில் மெடலோடு நிற்கிறதைப் பெரிதாகப் போட்டு வைக்கலாம் என்று அதை எடுத்து டிராயரில் வைத்துவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. இரண்டாவது தப்பைத்தான் ஊரே டிவியில் பார்த்துவிட்டதே.

நீங்கள் டிவியில் பார்த்தது பாதிதான், சம்பந்தியம்மா. மீதியையும் என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவள் இப்போது உங்கள் வீட்டில், உங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள். என் பக்கத்தைச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? உங்கள் மகள் என் முகத்தையே பார்ப்பதில்லை. என் மகன் பார்க்கிறான், பார்த்துவிட்டு வேறு அறைக்குப் போய்ச் சிரிக்கிறான்.

ஓட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும் என்று தெரிந்ததுமே எங்கள் அடுக்குமாடிச் சங்கத்திலிருந்து நாலு பேர் தொண்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். உங்கள் மகள் பேர் கொடுத்திருந்தாள். அப்புறம் பெண் ஓடி முடிக்கிற இடத்தில் நிற்கணும் என்று அங்கே போய்விட்டாள். கட்டெறும்பு என்னிடம் தெளிவாகத்தான் சொன்னாள், "பாட்டி, நீ வீட்ல உக்காந்து டிவியில பாரு, அதுல கிட்டத்துல தெரியும்" என்று. அவளை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தவள் நான், அதைவிடவா கிட்டத்தில் டிவியில் காட்டப்போகிறார்கள்? மருமகளுக்காக வந்த ஆரஞ்சு பனியனைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப்போய் நின்றேன். மேல்மாடி வக்கீல் பார்த்துவிட்டு, "என்ன பாட்டி, நீங்களும் ஓடறீங்களா?" என்றார். "உங்க வயித்தை வெச்சுக்கிட்டு நீங்க நடக்கறப்ப நான் ஓடக் கூடாதா?" என்றேன். அந்த நிமிஷம்வரைக்கும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், சம்பந்தியம்மா.

எங்களுக்கு மேலாள் ஒருத்தர், கழுத்தில் விசில் தொங்கும், பேசுகிறதைவிட ஊதுகிறதுதான் அதிகம். அவர் ஜனங்களுக்குக் காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றுகிற மேஜைகளுக்கு மற்ற மூன்று பேரை அனுப்பிவிட்டார், அது ரொம்ப தூரம் தள்ளி. என் வயசைப் பார்த்து, "அம்மா, நீங்க இங்க நாற்காலியில உக்காருங்க, இந்த மேஜை உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஊதிக்கொண்டே போய்விட்டார். அது சாம்பியன் பெண்களுடைய மேஜை. ஜனங்களுக்குத்தான் கப்புத் தண்ணீர். சாம்பியன்கள் அதைத் தொட மாட்டார்களாம். அவரவர் பாட்டிலை முதல் நாளே கொடுத்தனுப்புவார்களாம், முக்கால்வாசி ஓட்டம் முடிந்து மூச்சு வாங்குகிற இடத்தில் அதை மேஜையில் வைக்க வேண்டுமாம், அவர்கள் ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரே தட்டாகத் தட்டி எடுத்துக்கொண்டு போவார்களாம். ஆண்களுடைய பாட்டில்கள் எதிர்ப்பக்கத்து மேஜையில், வேறோர் ஆளிடம். அவர்கள் தப்பித்தார்கள்.

இப்போது நீங்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். "உங்க பொறுப்பு" என்று என்னிடம் சொன்னால் நான் அதை எப்படி எடுத்துக்கொள்வேன்? குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பால் அறை என் பொறுப்பில் முப்பது வருஷம் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று யாரும் அங்கே என்னைக் குறைத்துப் பேசியதில்லை. பெரிய டாக்டரம்மாவே செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். பால் அறையில் மூன்று சட்டம். முதலாவது, ஊற்றி வைத்துப் பழசானது எதுவாக இருந்தாலும் கொட்டு. இரண்டாவது, பழைய லேபிள் ஒட்டியபடி பாட்டில் திரும்ப வார்டுக்குப் போகக் கூடாது, பெயர் மாறிப்போகும். மூன்றாவது, ஒன்றைக் கழுவினால் எல்லாவற்றையும் கழுவு, ஏழைப் பிள்ளை பணக்காரப் பிள்ளை பார்க்காதே. இந்த மூன்றையும் காப்பாற்றித்தான் என் கையால் பால் குடித்த எந்தப் பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும்? பதினோரு பாட்டில், சம்பந்தியம்மா. ஒன்றாவது பார்க்கிற மாதிரி இருந்ததா? ஒன்றில் கலங்கலாக, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. இன்னொன்றில் சாக்கடை நிறத்தில், நுரை அடங்கிப்போன கலர் சோடா மாதிரி. வேறொன்றில் அடியில் மாவு மாதிரி ஏதோ படிந்து கிடக்கிறது. வெளியே எல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறது, ஈ வேறு. ஒவ்வொன்றிலும் ஒரு குப்பையைக் கட்டியிருக்கிறார்கள், கம்பி வளையம், காகிதப் பூ, கோழி இறகு, சிவப்புக் கம்பளி நூலில் செய்த பந்து. சிலதில் வயிற்றோடு ஏதோ பசைப் பொட்டலத்தையும் டேப்பு போட்டு ஒட்டியிருந்தது. இதையெல்லாம் பார்த்தும் நான் கை கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், நம்புங்கள். கடைசிப் பாட்டிலில் நீல ரிப்பன் கட்டியிருந்தது. அது நான் வாங்கிக் கொடுத்த ரிப்பன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். என் பேத்தி இதையா குடிக்கப்போகிறாள்?

அதை மட்டும் கழுவலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் என் பேத்தி பாட்டிலை மட்டும் கழுவிவிட்டு அடுத்தவர் பெற்ற பெண்களின் பாட்டிலை அப்படியே விட்டால் அது என்ன நியாயம்? அந்தப் பெண்கள் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மேஜைக்குப் பின்னாலேயே சலவைக்கடை. அங்கே எப்போதும் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். பதினொன்றையும் மடியில் அள்ளிக்கொண்டு போனேன். சலவைக்காரர் தேய்ப்புப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி திகைத்துப்போய் நிற்கிறார்.

"அம்மா, இது ஏதாவது அவங்க மருந்தா இருக்கப்போகுது."

"மருந்துன்னா அளவு எழுதியிருக்கும். நான் பார்க்காத மருந்து பாட்டிலா? நகருங்க."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"யார்கிட்ட கேக்கறது? அவங்கதான் ஓடிக்கிட்டு இருக்காங்களே!"

அவர் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அதனால் அவருக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கொட்டினேன், கழுவினேன், பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பிரஷ் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள், என் பைக்குள் எப்போதும் ஒன்று இருக்கும், சிலர் பைக்குள் குடை வைத்திருக்கிற மாதிரி. லேபிளையெல்லாம் ஊறவைத்து உரித்தேன். இறகு, காகிதப் பூ, பொட்டலம் எல்லாம் குப்பைக்குப் போச்சு. ரிப்பனையும் கம்பளிப் பந்தையும் மட்டும் அலசி, சலவைக்காரர் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அவர் பானையில் இருந்தது, அதை ஒரே அளவாக ஊற்றி, மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது, சம்பந்தியம்மா! வார்டில் இருந்தால் பெரிய டாக்டரம்மா மற்ற நர்ஸுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்கள். விசில்காரர் திரும்பி வந்தால் பாராட்டுவார் என்று பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முன்னால் மோட்டார் சைக்கிள் வந்தது, அதன் மேல் கேமரா. பின்னாலேயே அந்த நெட்டைச் சாம்பியன், இந்த ஓட்டத்தை வருஷா வருஷம் ஜெயிக்கிறவளாம், ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்து. அவள் கால் தரையில் படுகிற சத்தமே கேட்கவில்லை. மேஜையைப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டிக்கொண்டு வருகிறாள், இத்தனை வருஷப் பழக்கம். நீட்டின கை அப்படியே அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். பதினோரு பாட்டிலும் ஒரே அச்சு. ஒன்றை எடுத்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள், வைத்தாள். அதற்குள் அடுத்த சாம்பியன் வந்து அவள் மேல் மோத, மூன்றாமவள் வந்து இரண்டு பேர் மேலேயும் மோத, உலகத்திலேயே வேகமாக ஓடுகிற பெண்கள் எல்லாம், பெரிய விருந்து முடிந்து வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி என் மேஜையைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள்! என்னைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு பாஷையில் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கையால் காட்டுகிறதுதான். ஒரு பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டு அழுக்கு இல்லை பாருங்கள் என்று காட்டினேன். பேப்பர்காரன் ஒருத்தனும் கேமராவோடு பக்கத்தில் வந்துவிட்டான்.

அந்த நெட்டைப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? அண்ணாந்து பார்த்தாள், கொடியில் கம்பளிப் பந்து தொங்குகிறது. ஒரே தாவு. கிளிப்போடு பிடுங்கிக்கொண்டாள். அதைக் கன்னத்தில் ஒரு தடவை வைத்துக்கொண்டு, பாட்டிலே இல்லாமல் ஓடிவிட்டாள். அவள் சின்ன மகள் செய்து கொடுத்த பந்தாம், அப்புறம் டிவியில் சொன்னார்கள். அது எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்? தெரிந்திருந்தால் இன்னும் பதமாக அலசியிருப்பேன்.

அப்புறம்தான் நம் கட்டெறும்பு வந்தாள். நாலாவதோ ஐந்தாவதோ வந்துகொண்டிருந்தாள், நல்ல மூச்சு, நல்ல நடை, முகத்தில் களைப்பே இல்லை. முன்னால் இருக்கிறவர்கள் எல்லாம் என் மேஜையில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்து ஆரஞ்சு பனியனைப் பார்த்தாள். அதற்குள் இருந்த என்னைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். மற்றவர்களுக்குப் புரியாதது அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. என்ன இருந்தாலும் என் கையில் வளர்ந்த பிள்ளை ஆயிற்றே. கவிழ்த்த பாட்டிலோடு நான் சிரித்தேன், அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் பேப்பர்காரன் போட்டோ எடுத்தான்.

"பாட்டி... கழுவிட்டியா?"

"சுத்தமா கழுவிட்டேன் கண்ணு, குடி!"

அவள் குடிக்கவில்லை. ஓடிவிட்டாள்.

மீதியைச் சலவைக்கடை டிவியில்தான் பார்த்தேன். கூட்டத்தைத் தாண்டிப் போனவள் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தாள், சம்பந்தியம்மா, மூன்றாவதாக! முதல் மூன்று பேருக்கு அடுத்த வருஷம் வெளிநாட்டில் நடக்கிற பெரிய ஓட்டத்துக்கு வாசல் திறக்கும் என்று அவள் எத்தனை நாள் சொல்லியிருக்கிறாள். சலவைக்காரர் தேய்ப்பதை நிறுத்திவிட்டார், யாருடைய சட்டையோ புகைகிறது, அவர் கவனிக்கவில்லை. முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அப்போதுதான் அவள் தொடையைப் பிடித்தாள். கால் இழுத்துக்கொண்டது. நொண்டினாள். பின்னால் வந்த ஒருத்தி தாண்டிப் போய்விட்டாள். நாலாவது. மேடையில் மூன்று படிதான் இருக்கிறது, நாலாவதாக வந்தவளுக்கு நிற்க இடமே கிடையாது, அது உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நெட்டைப் பெண்ணோ தண்ணீர்கூட இல்லாமல் ஓடி முதலாவதாகவே வந்துவிட்டாள். மேடையில் அவளைப் பேசச் சொன்னார்கள், ஒருத்தர் தமிழில் சொன்னார்: "நான் எத்தனையோ நகரங்களில் ஓடியிருக்கிறேன். என் பாட்டிலை யாரோ கழுவிவைத்தது இந்த நகரத்தில்தான்." எல்லோரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் அவளுடைய பயிற்சியாளர் வந்தார், எப்போதும் கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டிருப்பாரே, அவர்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகப் பேசினார். "அம்மா, அந்தப் பாட்டில்ல இருந்தது அவ உடம்புக்குன்னே நாங்க சரிபண்ணின கலவை. எவ்வளவு உப்பு, எவ்வளவு சக்கரைன்னு ரெண்டு வருஷமா கலக்கிக் கலக்கிப் பார்த்தது. அந்த இடத்துல அது உள்ள போகலைன்னா கால் பிடிச்சுக்கும்." நான், "அது நாறிச்சே தம்பி" என்றேன். "நாறத்தாம்மா செய்யும்" என்றார். உங்கள் மகள் சமையலறைக்குப் போய், பாட்டில் கழுவுகிற பிரஷ்கள் எல்லாவற்றையும் எடுத்து அலமாரி உச்சியில், என் கை எட்டாத இடத்தில் வைத்தாள். கட்டெறும்பு செருப்பு மாட்டுகிற முக்காலியில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு லேஸை அவிழ்க்க அவ்வளவு நேரமா ஆகும்? "ஏன் பாட்டி கழுவின?" என்று ஒரே கேள்வி. வாழ்நாளில் முதல் தடவையாக என் வாய்க்குப் பதில் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து நான் படுகிற பாட்டைக் கேளுங்கள். பேப்பரில் அந்தப் போட்டோ வந்தது, தலையில் கை வைத்தபடி அவள், பாட்டிலைக் கவிழ்த்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நான். வக்கீல் அதை வெட்டி லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டார். நான் மூன்று மாடியும் படியேறித்தான் வருகிறேன். "பாட்டி, நம்ம காரும் கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கு" என்கிறார். பால்காரர் பாத்திரத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு பால் ஊற்றுகிறார். பல் டாக்டர் பேரன் போன் பண்ணி, "பாட்டி, நீ எங்க காலேஜ் பக்கம் வந்துடாதே, கருவியெல்லாம் மருந்துல ஊறப்போட்டிருக்கோம்" என்கிறான். இவனை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேனே! இதெல்லாம் போகட்டும், சம்பந்தியம்மா. அவள் என்னோடு பேசவில்லை. பத்து நாளாகப்போகிறது. போன் பண்ணினால் நீங்கள் எடுக்கிறீர்கள், "குளிக்கிறாள்" என்கிறீர்கள். ஒரு பெண் பத்து நாளாகவா குளிப்பாள்? காலையில் ஓடவும் போவதில்லையாமே, ஷூவை எடுத்து மேலே போட்டுவிட்டாளாமே, மகன் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என்னை மன்னிக்காவிட்டால் போகிறாள், அவள் ஓடாமல் இருந்தால் நான் என்ன செய்வேன்?

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கைக்குள் அடங்குகிற அளவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாளே, பகலெல்லாம் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், என் வேலை முடிந்ததும் நான் வந்து உட்காருவேன். பெரிய டாக்டரே இரண்டு நாள் போகட்டும் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். சொட்டுச் சொட்டாகத்தான் பால். அந்தப் பாட்டிலை நான் எத்தனை தடவை கொதிக்கவைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, உங்க கை கழுவின பாட்டில்னா நான் கண்ணை மூடிக்கிட்டு வாயில வைப்பேன்" என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த வார்த்தையை ஒரே ஒரு தடவை அவளிடம் சொன்னால் என்ன? அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். நான் சொன்னால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். நீங்கள் சொன்னால் கேட்பாள். ஆனால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். பேத்தி உங்கள் பக்கம் சாய்ந்ததில் உங்களுக்கு உள்ளூர சந்தோஷம் இருக்கும், இருக்கட்டும், உங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் இருப்பேன்.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி இந்தக் கையால் எந்தப் பாட்டிலையும் கழுவ மாட்டேன், இது சத்தியம். பைக்குள் இருந்த பிரஷையும் சலவைக்காரரிடம் கொடுத்துவிட்டேன், அவர் அதில் காலர் தேய்க்கிறார். இனி எந்த ஓட்டத்துக்கும் வர மாட்டேன், டிவியில்கூடப் பார்க்க மாட்டேன். அவள் எப்போது வர வேண்டும் என்று நினைக்கிறாளோ அப்போது வரட்டும், வராவிட்டாலும் சரி, ஓடினால் போதும் என்று சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் மேல் வைக்க அவளுடைய புதுப் போட்டோ ஒன்று இருந்தால் அனுப்புங்கள். அதில் நான் இல்லாததாகப் பார்த்து அனுப்புங்கள்.

சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம். பேத்திக்கு என் முத்தம், வேண்டாம் என்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர் நல்லதுதான், நான் சொன்னால்தான் யாரும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
பால் அறையில் இருந்தவள்

பி.கு.: உறைக்குப் பசை தடவுகிற நேரத்தில் என் மகன் வந்தான். துண்டில் சுற்றின ஒன்றை மேஜை மேல் வைத்து, "அம்மா, மாமியார் வீட்லேருந்து வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். இவனும் இந்தக் குளியலும். பிரித்துப் பார்த்தால் பாட்டில், நீல ரிப்பன் கட்டியிருக்கிறது, உள்ளே கலங்கலாக அதே கஷாயம். அன்றைக்கு வேறு ஏதோ மேஜையில் வைத்து அவள் எடுக்காமல் விட்டதை இத்தனை நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? திறந்தேன். அதே நாற்றம். சத்தியம் பண்ணி இன்னும் மை காயவில்லை, பிரஷும் இல்லை. விரலை விட்டே கழுவினேன். மூன்று தடவை வெந்நீர். கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைக்கிறேன், போன் அடிக்கிறது.

"பாட்டி, குடிச்சியா?"

அவள் குரல், சம்பந்தியம்மா!

"எதைடி கண்ணு?"

"அப்பாகிட்ட குடுத்தனுப்பினேனே. காலையில ஓடிட்டு வந்து நானே கலக்கினது. இந்தப் பாட்டிதான் சொன்னாங்க, நான் கண்ணாடிப் பெட்டியில கெடந்தப்ப உன் கை கழுவின பாட்டில்னா கண்ணை மூடிக்கிட்டு வாயில வெப்பாங்களாம். அதான், நான் கலக்கினதை நீயும் ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு வாயில வெச்சுப் பாரேன்னு..."

கவிழ்த்து வைத்த பாட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மெதுவாக, "பாட்டி... கழுவிட்டியா?"

"லேசாத்தாண்டி."

அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள், மூச்சு முட்டச் சிரிக்கிறாள். பின்னாலிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது, அது முழங்கால் வலிக்காரி சிரிப்பு மாதிரியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். என் கண் முன்னால் கலக்குவாளாம், நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். அடுத்த ஓட்டத்துக்கும் நான் வரணுமாம், நாற்காலியில் உட்கார வைத்து என் கை இரண்டையும் நீல ரிப்பனால் கட்டிவிட்டுத்தான் ஓடப்போவாளாம்.

சம்பந்தியம்மா, நான் கேட்பதற்கு முன்னாலேயே அந்த வார்த்தையை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், ஆகையால் மேலே நான் எழுதியிருப்பதில் முழங்காலை விசாரித்ததைத் தவிர வேறு எதையும் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப எழுதலாம் என்றால் வீட்டில் தாளில்லை. சலவைக்காரரிடம் பிரஷைத் திருப்பி வாங்கக் கீழே போக வேண்டும், அவரே இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவார். போட்டோவில் நான் இருக்கக் கூடாது என்று எழுதினேனே, அதையும் அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு நீங்களும் வாருங்கள், மூன்று பேரும் சேர்ந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் ஃபிரிட்ஜ் மேல் நடு இடம் காலியாக இருக்க வேண்டாம். அவள் கலக்கின இன்னொரு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்து உடனே தபாலில் போடுங்கள். பாட்டில் கலங்கலாகவே இருக்கட்டும், பரவாயில்லை. போட்டோவுக்குள் என் கை எட்டாது.